லேசர் தொட்டால் பொறி பறக்கும்: கேட்டவர்களுக்குப் பதில்

உயர் வோல்ட் கொடுத்த இரண்டு உலோக முனைகளுக்கு நடுவே லேசரை அடித்து, வேண்டிய கணத்தில் மின்பொறியைக் கிளப்புவது பற்றிப் போன ஞாயிறு வெள்ளவத்தையில் கூடிப் பேசியபோது நேரம் போதாமல் விட்ட கேள்விகள் இவை.

கொட்டாஞ்சேனை உயர்தர மாணவி: அண்ணா, லேசர் வெறும் ஒளிதானே? அது எப்படி மின்சாரத்தைப் பாயவைக்கும்?

தங்கச்சி, பாயவைப்பது லேசர் அல்ல. கொள்ளளவியோடு (மின்னேற்றத்தைச் சேமித்து வைக்கும் கருவி) இணைத்த இரண்டு மின்வாய்களுக்கு, அதாவது உலோக முனைகளுக்கு, நடுவே 1 சென்ரிமீற்றர் காற்று இருந்தால் அது ஏறக்குறைய 30,000 வோல்ட் வரை தாங்கும். 25,000 வோல்ட்டில் நிறுத்தினால் சும்மா இருக்கும். அந்த இடைவெளியில் சில நனோசெக்கன் நீளமான லேசர்த் துடிப்பொன்றை வில்லையால் குவித்தால் காற்று மூலக்கூறுகளிலிருந்து இலத்திரன்கள் கழன்று, சின்னதாகப் பிளாஸ்மா, அதாவது மின்னைக் கடத்தும் வாயு, உண்டாகும். மிச்சத்தை மின்புலம் பார்த்துக்கொள்ளும். லேசர் முகூர்த்தம் குறிக்கும் ஐயர் மாதிரி. கல்யாணச் செலவு முழுக்கக் கொள்ளளவியின் தலையில்.

அதே மாணவி: பச்சை லேசரின் ஒரு போட்டனுக்கு (ஒளியின் ஒரு துணுக்கு) 2.3 இலத்திரன்வோல்ட் சக்திதானே, ஒட்சிசன் மூலக்கூறிலிருந்து இலத்திரனைக் கழற்ற 12 வேண்டுமே?

நல்ல பிடி! ஒன்றால் முடியாது, ஆறு போட்டன்கள் ஏறத்தாழ ஒரே கணத்தில் வந்து சேரவேண்டும். அதற்காகத்தான் இவ்வளவு இறுக்கிக் குவிக்கிறார்கள். ஒரு இலத்திரன் கிடைத்துவிட்டால் அது ஒளியிலிருந்தே சக்தியை வாங்கி, மற்ற மூலக்கூறுகளில் மோதி, இன்னும் இலத்திரன்களைக் கழற்றும். கழியூதா (கண்ணுக்குத் தெரியாத, போட்டனுக்குச் சக்தி கூடிய ஒளி) லேசரை மின்வாயில் அடித்தால் வேலை சுலபம், உலோகத்திலிருந்து ஒரே போட்டன் போதும்.

பம்பலப்பிட்டி மின்வேலைக்காரர்: வோல்ட்டைக் கூட்டினால் தானாகவே பொறி வருமே, லேசர் எதற்கு?

வரும், எப்போது என்றுதான் தெரியாது. தொடக்கி வைக்க ஒரு இலத்திரன் தற்செயலாக அந்த இடத்தில் இருக்கவேண்டும், அதுவரை காத்திருக்கவேண்டும். அமெரிக்காவின் சண்டியா ஆய்வகத்தில் மிகப்பெரிய மின்துடிப்புகளை உண்டாக்கும் இசட் இயந்திரத்தில் 36 வாயு ஆளிகள் (வாயு நிரப்பிய இடைவெளியில் பொறி பாய்ந்ததும் மின்னைக் கடத்தும் சுவிச்சுகள்) நனோசெக்கன் கணக்கில் ஒன்றாக மூடி மின்னைக் கடத்தவேண்டும். அங்கே தற்செயலை நம்ப முடியுமா? லேசரால்தான் தட்டுகிறார்கள். அந்த ஆளிகளின் உள்ளே இருப்பது காற்று அல்ல, சல்பர் ஹெக்சாபுளோரைட் என்ற மின்காப்பு வாயு. அதே வாயு அழுத்தத்தில் காற்றைவிட இரண்டரை மடங்குக்கு மேல் வோல்ட் தாங்கும்.

வெள்ளவத்தை பெரியவர்: தம்பி, ஒக்டோபர் இடிமின்னலைத் தாமரைக் கோபுரத்தில் இப்படி இறக்கலாமோ?

இறக்குவது வேறு, வழிகாட்டுவது வேறு ஐயா. 2021இல் சுவிற்சர்லாந்தின் சென்டிஸ் மலையில், 124 மீற்றர் கோபுரத்துக்குப் பக்கத்தில் செக்கனுக்கு 1,000 துடிப்பு வீதம் லேசர் அடித்துப் பார்த்தார்கள். ஒரு மின்னல் ஏறக்குறைய 50 மீற்றர் அந்தப் பாதையிலேயே போனது. இப்போதைக்கு நமக்கு இடிதாங்கிதான்.

பெயர் சொல்லாத ஒருவர்: கையில் பிடிக்கும் லேசர் பேனா போதுமா?

போதாது. சில மில்லிவாற்றில் எதுவும் நடக்காது. உயர் வோல்ட் கொள்ளளவியோடு வீட்டில் விளையாடவும் வேண்டாம். மின்னை நிறுத்தின பிறகும் அதில் ஏற்றம் கிடக்கும்.