இத்தாலிய ஓவியர் கரவாஜியோவின் ‘மத்தேயுவை அழைத்தல்’ ஓவியத்தில் மத்தேயு யார்? அந்த வெளிச்சத்துக்கு ஏதாவது அர்த்தம் உண்டா?

வரி வசூலிக்கும் ஆயக்காரனான மத்தேயுவை இயேசு தன் சீடனாக அழைக்கும் காட்சி இது. மேஜையின் நடுவில் இருக்கும் தாடிக்காரர்தான் மத்தேயு என்பது என் கட்சி. இடது ஓரத்தில் தலைகுனிந்து காசு எண்ணும் இளைஞன்தான் மத்தேயு, அவனுக்கு இன்னும் அழைப்பே காதில் விழவில்லை என்று வாதாடுகிறவர்களும் இருக்கிறார்கள். தாடிக்காரரின் விரல் தன் நெஞ்சைக் காட்டுகிறதா, பக்கத்தில் குனிந்திருப்பவனையா என்பது படத்தில் உண்மையிலேயே இழுபறிதான்.

ஆனால் இது தனிப் படம் இல்லை. 1599-1600இல் ரோமில் சான் லூயிஜி தேவாலயத்தின் ஒரு சிற்றாலயத்துக்காக வரைந்தது, அங்கே இடப்பக்கச் சுவரில் இருக்கிறது. எதிர்ச்சுவரில் மத்தேயு கொல்லப்படுகிறார், பலிபீடத்துக்கு மேலே தேவதூதன் சொல்லச்சொல்ல சுவிசேஷம் எழுதுகிறார், இரண்டிலும் தாடி வைத்த பெரியவர். மூன்றையும் ஒரே இடத்தில் நின்று பார்க்கிறவனுக்கு அந்த இளைஞனைத் தேடத் தோன்றுமா என்ன?

வெளிச்சத்துக்கு வருவோம். படத்திலேயே பெரிய ஜன்னல் ஒன்று இருக்கிறது, ஆனால் அதிலிருந்து ஒரு துளி வெளிச்சம் வரவில்லை. வலது மேல்பக்கத்திலிருந்து, இயேசுவின் தலைக்கு மேலாகச் சாய்வாக இறங்கி, நேராகத் தாடிக்காரரின் முகத்தில் விழுகிறது. பலிபீடத்துக்கு மேலே இருக்கும் நிஜ ஜன்னலும் அந்தப் பக்கம்தான், அதனால் அறையின் வெளிச்சமே படத்துக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். (இருந்தாலும் இருட்டுதான், காசு போட்டால் விளக்கு எரியும் பெட்டி ஒன்று அங்கே உண்டு. ஆயக்காரன் படத்துக்குப் பொருத்தம்!)

எனக்குப் பிடித்தது இயேசுவின் கை. அதிகாரமாக நீட்டாமல் கொஞ்சம் தளர்ந்து தொங்குகிறது. வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயக் கூரையில், கடவுள் ஆதாமைப் படைக்கும் காட்சியில் மைக்கேலாஞ்சலோ வரைந்த ஆதாமின் கை அது, கடவுளின் கை இல்லை. பவுல் கிறிஸ்துவைப் ‘பிந்தின ஆதாம்’ என்கிறாரே (1 கொரிந்தியர் 15:45), அதோடு சேர்த்துப் பார்த்தால் இயேசுவுக்கு ஏன் ஆதாமின் கை என்பது விளங்கிவிடும். கைக்கு நேர் மேலே ஜன்னல் சட்டம் சிலுவையாக நிற்பதையும் நான் தற்செயல் என்று நினைக்கவில்லை. அப்புறம் அவர் பாதங்களைப் பாருங்கள், முகம் மேஜைப் பக்கம் இருந்தாலும் கால் ஏற்கெனவே வெளியே போகத் திரும்பிவிட்டது. மத்தேயு 9:9இல் “எனக்குப் பின்சென்று வா” என்று ஒரே வாக்கியம்தான், பதிலுக்குக் காத்திருப்பதே இல்லை.

மேஜையில் இருப்பவர்கள் ஓவியரின் காலத்து இத்தாலிய உடையில், இறகு வைத்த தொப்பியும் வாளுமாக இருக்கிறார்கள்; வந்த இயேசுவும் சீடர் பேதுருவும் பழைய அங்கியில், வெறுங்காலோடு. இயேசுவைப் பாதி மறைத்து நிற்கும் பேதுருவைக் கரவாஜியோ பிறகுதான் சேர்த்தார் என்று எக்ஸ்ரேயில் தெரிந்தது. அந்தக் கை ஜாடையையே அவரும் சின்னதாகத் திரும்பச் செய்வதால், திருச்சபையின் அடையாளமாக அவரைச் சேர்த்தது என்பார்கள், சரி, இருக்கலாம்.

மேஜையருகே இருக்கும் மூக்குக்கண்ணாடிக் கிழவரை ‘ஆன்மிகக் குருடு’ என்று விளக்குவதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. காசு எண்ணும் இடத்தில் வயதானவர் கண்ணாடி போடாமல் வேறென்ன செய்வார்?