டூயல் டைப்பை எடை போடுவது எப்படி? போக்கிமான் போட்டி ஆட்டக் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, வீக்னஸ் குறைவாக இருக்கிற டைப் ஜோடிதானே நல்ல ஜோடி? எண்ணிப் பார்த்து எடுத்தால் போதாதா?

பதில்: போதாது தம்பி. ஒவ்வொரு போக்கிமானுக்கும் வாட்டர், ஃபயர் மாதிரி ஒன்றோ இரண்டோ டைப் உண்டு; இரண்டு இருந்தால் டூயல் டைப். எந்த டைப்பின் அடி அதற்கு இரண்டு மடங்கோ மேலோ வலிக்கிறதோ, அதுதான் அதன் வீக்னஸ். வாட்டர்–கிரவுண்ட் ஜோடியையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஜோடியைக் கொண்ட ஸ்வாம்பர்ட்டுக்கு இருக்கும் ஒரே வீக்னஸ் கிராஸ். ஆனால் வாட்டரையும் கிராஸ் இரண்டு மடங்கு அடிக்கும், கிரவுண்டையும் இரண்டு மடங்கு அடிக்கும். இரண்டும் பெருகி நான்கு மடங்காக வந்து விழும். எதிரணியில் ஒருவர் கிராஸ் மூவ் (தாக்குதல்) வைத்திருந்தாலே ஸ்வாம்பர்ட் உள்ளே வரத் தயங்க வேண்டியதுதான். போதாததற்கு, ஃப்ரீஸ்-டிரை என்ற ஐஸ் மூவ் வாட்டரையும் இரண்டு மடங்கு அடிக்கும். அதற்கும் இது நான்கு மடங்கு வாங்கும்.

மறுபக்கம் டைரானிட்டரைப் பாருங்கள். ராக்–டார்க். ஏழு வீக்னஸ், அதில் ஃபைட்டிங் நான்கு மடங்கு. எண்ணிக்கைப்படி யாரும் தொடவே கூடாது. ஆனாலும் 1999-இல் வந்ததிலிருந்து தலைமுறை தலைமுறையாகப் போட்டிகளில் ஆடுகிறது. காரணம், அது கிளப்பும் மணல்புயலில் ராக் டைப்புகளின் ஸ்பெஷல் டிஃபென்ஸ் ஒன்றரை மடங்காகும். சைக்கிக் அடி அதன் மேல் ஏறவே ஏறாது. கோஸ்ட், டார்க், ஃபயர் எல்லாம் பாதிதான் ஏறும். அதனால் எத்தனை வீக்னஸ் என்று கேட்பதைவிட, நீங்கள் நிற்கவைக்க நினைக்கும் எதிராளிக்கு முன்னால் அது நிற்குமா என்று கேளுங்கள்.

கேள்வி: கோஸ்ட்–டார்க் ஜோடிக்கு வீக்னஸே கிடையாது என்று ஒரு பழைய பட்டியலில் படித்தேன். சரியா?

பதில்: 2013 வரை சரி. அந்த ஆண்டு போக்கிமான் விளையாட்டுகளின் ஆறாம் தலைமுறையில் ஃபேரி என்ற புது டைப் வந்தது. அதோடு கோஸ்ட்–டார்க் ஜோடியான சேபிளை, ஸ்பிரிடூம்ப் இரண்டுக்கும் ஃபேரி வீக்னஸும் வந்துவிட்டது. கோஸ்ட், டார்க் அடிகளைத் தாங்கும் சக்தியை ஸ்டீல் இழந்ததும் அப்போதுதான். அந்தப் பட்டியலை வைத்து டீம் கட்டாதீர்கள்.

கேள்வி: ஸ்டீல்–ஃபேரிதான் இருப்பதிலேயே சிறந்த தற்காப்பு ஜோடி என்கிறார்களே?

பதில்: என் கணக்கிலும் முதல் வரிசையில்தான் வைப்பேன். ஸ்டீலுக்கு ஃபைட்டிங் வீக்னஸ். ஃபேரி அதைப் பாதியாக்குவதால் சாதாரண அடியாகிவிடும். ஃபேரிக்குப் பாய்சனும் ஸ்டீலும் வீக்னஸ். ஸ்டீல் பக்கம் பாய்சனை முழுதாகத் தடுத்துவிடும், ஸ்டீல் அடியைச் சாதாரணமாக்கிவிடும். டிராகன் அடி ஏறாது. இப்படி ஒன்றின் ஓட்டையை மற்றொன்று அடைப்பதுதான் நல்ல ஜோடிக்கு அடையாளம்.

மிஞ்சுவது ஃபயரும் கிரவுண்டும். சிக்கல் என்னவென்றால், இந்த இரண்டையும்தான் எல்லோரும் கையில் வைத்திருப்பார்கள். அதனால் ஸ்டீல்–ஃபேரியான டிங்கட்டனைத் தனியாக மதிப்பிடாதீர்கள், பக்கத்தில் யார் நிற்கிறார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஸ்டீல்–ஃப்ளையிங் கோர்விநைட்டைச் சேர்த்தால் கிரவுண்ட் தீரும், ஆனால் ஃபயர் இரண்டு பேரையும் எரிக்கும். வாட்டர்–ஃப்ளையிங் கியாரடோஸைச் சேர்த்தால் கிரவுண்ட் ஏறாது, ஃபயர் பாதியாகும். கியாரடோஸுக்கு ராக் வீக்னஸ், அதை டிங்கட்டன் தாங்கும். நான்கு மடங்கு எலக்ட்ரிக் மட்டும் பாக்கி. அதற்கு டிராகன்–கிரவுண்ட் கார்சாம்ப்பைக் கொண்டுவந்தால் எலக்ட்ரிக் தொடாது. அப்புறம் கார்சாம்ப்பின் ஐஸ், டிராகன், ஃபேரி மூன்றையும் வாங்கிக்கொள்ளத் திரும்பவும் டிங்கட்டன் இருக்கிறது. இந்த மூவர் சுற்று எனக்கு மிகவும் பிடித்தது. மூவரில் யாருடைய வீக்னஸ் அடி வந்தாலும் ஸ்விட்ச் செய்ய (மாற்றி இறக்க) ஓர் ஆள் இருக்கும்.

கேள்வி: தாக்கும்போது எப்படி யோசிக்க வேண்டும்? சூப்பர் எஃபெக்டிவ் மூவ் கையில் இருந்தால் அதையே அழுத்திவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். தன் டைப்பிலேயே உள்ள மூவுக்கு ஒன்றரை மடங்கு ஊக்கம் உண்டு, அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அனிஹிலேப் ஃபைட்டிங்–கோஸ்ட். எதிரில் குட்ரா நிற்கிறது, வெறும் டிராகன். ஐஸ் பஞ்ச் 75 பவர், இரண்டு மடங்கு, ஆக 150. ஃபைட்டிங் மூவான க்ளோஸ் காம்பாட் 120 பவர், ஒன்றரை மடங்கு, ஆக 180. வெறும் சாதாரண அடிதான் அதிகம் வலிக்கிறது! ஆனால் எதிரில் கார்சாம்ப் நின்றால் ஐஸ் பஞ்ச் நான்கு மடங்காகி 300 வந்துவிடும், அப்போது யோசிக்கவே வேண்டாம்.

ஃபைட்டிங்கும் கோஸ்ட்டும் சேர்ந்தால் கிடைக்கும் தாக்குதல் பரப்பும் அருமையானது. கோஸ்ட்டைத் தடுக்கும் நார்மலையும் டார்க்கையும் ஃபைட்டிங் உடைக்கும். இரண்டையும் ஒருசேர மறிப்பது நார்மல்–கோஸ்ட் ஜோடி மட்டுமே, அதாவது ஹிஸுய் ஸொரோவார்க். அது எதிரணியில் தெரிந்தால் மூன்றாவது மூவைத் தயாராக வைத்திருங்கள்.

கேள்வி: சாரிசார்ட் என் உயிர். ஏன் எல்லோரும் வேண்டாம் என்கிறார்கள்?

பதில்: எதிராளி நம் பக்கக் களத்தில் கற்களை விரித்துவைக்கும் ஸ்டெல்த் ராக் என்ற மூவ் காரணமாக. களத்தில் அந்தக் கற்கள் கிடந்தால், உள்ளே வரும்போதே ராக் வீக்னஸுக்கு ஏற்ப உயிர் போகும்: சாதாரணமாக எட்டில் ஒரு பங்கு, இரண்டு மடங்கு வீக்னஸ் என்றால் கால்பங்கு, நான்கு மடங்கு என்றால் பாதி. ஃபயர்–ஃப்ளையிங் சாரிசார்ட்டும், பக்–ஃபயர் வோல்கரோனாவும் அந்தக் கடைசிக் கணக்கில் மாட்டிக்கொள்ளும். 2019-இல் ஸ்வோர்ட், ஷீல்டில் வந்த ஹெவி-டியூட்டி பூட்ஸ் என்ற ஐட்டத்தைக் கொடுங்கள், கற்கள் ஒன்றும் செய்யாது. வேறு ஐட்டம் வைக்க முடியாதே என்ற விலை மட்டும் உண்டு.

கேள்வி: ஐஸ்–ராக் அரோரஸை வைத்து ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: தாங்குவதற்கு வைக்காதீர்கள். ஃபைட்டிங்கும் ஸ்டீலும் நான்கு மடங்கு, வேகமும் குறைவு. மாக் பஞ்ச் (ஃபைட்டிங்), புல்லட் பஞ்ச் (ஸ்டீல்) மாதிரி முந்திக்கொள்ளும் மூவ் ஒன்று போதும் கதை முடிய. ஆனால் அடிக்க நல்ல ஜோடி அது. அடி வாங்காமல் உள்ளே கொண்டுவர வழி வைத்துக்கொண்டு, ஃப்ரீஸ்-டிரையை ஸ்வாம்பர்ட் மாதிரி ஆட்கள் மேல் விடுங்கள்.

கேள்வி: பட்டியலில் தெரியாத லாபம் ஏதாவது டைப்புகளுக்கு உண்டா?

பதில்: நிறைய உண்டு. கிராஸ் டைப்பை அமூங்கஸின் ஸ்போர் தூங்கவைக்காது. ஃபயரைச் சூடு வைக்க முடியாது, எலக்ட்ரிக்கை முடக்க முடியாது. ஸ்டீலுக்கும் பாய்சனுக்கும் சாதாரணமாக விஷம் ஏறாது. கோஸ்ட்டைக் களத்தில் பூட்டிவைக்க முடியாது. ஏழாம் தலைமுறையிலிருந்து, பிராங்ஸ்டர் என்ற அபிலிட்டியால் (தனித்திறனால்) முந்தி வரும், நேரடி அடி இல்லாத தொல்லை மூவ்கள் எதிரில் உள்ள டார்க் மேல் பலிப்பதில்லை. அந்த அபிலிட்டி உள்ள விம்ஸிகாட்டை அடிக்கடி சந்திப்பவருக்கு இந்தக் கடைசி விஷயம் ஒன்றுக்காகவே டார்க் எடுக்கலாம்.

கேள்வி: டெரா வந்த பிறகு இந்தக் கணக்கெல்லாம் செல்லுமா?

பதில்: செல்லும், ஆனால் இரண்டு முறை போட வேண்டும். டெரா என்பது ஆட்டத்தின் நடுவே போக்கிமானின் டைப்பை மாற்றும் வசதி. 2022-இல் ஸ்கார்லெட், வயலெட்டில் வந்த இந்த டெராவில், தற்காப்புக்குப் பழைய டைப்புகள் மறைந்து புது டைப் மட்டும் நிற்கும். தாக்குதல் ஊக்கம் பழைய டைப்புகளுக்கும் தொடரும். டிராகன்–ஃப்ளையிங் டிராகனைட்டுக்கு ஐஸ் நான்கு மடங்கு. டெரா ஸ்டீல் ஆனால் அதே ஐஸ் பாதிதான். ஆனால் அந்த நொடியே ஃப்ளையிங் போய்விடுவதால், அதுவரை தொடாத எர்த்குவேக் என்ற கிரவுண்ட் மூவ் இரண்டு மடங்காக ஏறும். எதிரணியில் கிரவுண்ட் மூவ் அதிகம் தெரிந்தால் நான் டெரா நார்மலைத்தான் தேர்ந்தெடுப்பேன். வீக்னஸ் ஃபைட்டிங் ஒன்றுதான், அதன் நார்மல் மூவான எக்ஸ்ட்ரீம் ஸ்பீடுக்கும் ஒன்றரை மடங்கு ஊக்கம் கிடைத்துவிடும். கோஸ்ட் ஆள் எதிரில் வந்தால் மட்டும் அந்த மூவ் வீணாகும். அதற்காகக் கூடவே எர்த்குவேக் வைத்துக்கொள்ளுங்கள்.