தொட்டிச் செடி மண்ணிலிருந்து கிளம்பும் குட்டிக் கருப்பு ஈக்களை எப்படி ஒழிப்பது?

வீட்டுக்குள் மணி பிளான்ட், ஸ்நேக் பிளான்ட், சமையலறை ஜன்னலில் கொத்தமல்லி, புதினா வைத்திருப்பதாகச் சொல்கிறீர்கள். தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் கொசு மாதிரி குட்டிக் கருப்பு ஈக்கள் மண்ணிலிருந்து எழும்புகின்றன, வேப்பெண்ணெய் தெளித்தும் போகவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். போகாததற்குக் காரணம் அந்தத் தெளிப்பிலேயே இருக்கிறது. நீங்கள் தெளித்தது இலையில். ஈயின் குடும்பம் மொத்தமும் மண்ணுக்குள் இருக்கிறது.

இவை காளான் ஈக்கள். காளான் வளர்ப்பவர்களைக் கேட்டால் இவற்றைப் பற்றி ஒரு மணி நேரம் புலம்புவார்கள். 2 முதல் 4 மில்லிமீட்டர் நீளம், மெலிந்த உடம்பு, நீளமான கால். சரியாகப் பறக்கத் தெரியாது. தொட்டியைத் தட்டினால் கொஞ்சம் எழும்பி மறுபடி மண்ணிலேயே உட்காரும், இல்லையென்றால் ஜன்னல் கண்ணாடியில் போய் ஒட்டிக்கொள்ளும். கடிக்காது. வாழைப்பழத்தைச் சுற்றும், சிவந்த கண்ணுள்ள பழ ஈ வேறு. குளியலறைச் சுவரில் உட்காரும், ரோமம் அடர்ந்த அகலமான இறக்கையுள்ள சாக்கடை ஈ வேறு. அவற்றுக்கான வைத்தியம் இதற்குப் பலிக்காது.

பெரிய ஈயின் ஆயுள் ஒரு வாரம், பத்து நாள். அதற்குள் ஈர மண்ணில் 200 முட்டை வரை இட்டுவிடும். முட்டையிலிருந்து வரும் புழு கண்ணாடி போல உடம்பும் பளபளக்கும் கருப்புத் தலையுமாக இருக்கும். மேல் மண்ணில் இரண்டு மூன்று அங்குலத்துக்குள்தான் பெரும்பாலும் வாழும். பூஞ்சை, பாசி, மக்கும் இலை எல்லாம் அதன் சாப்பாடு, கூட்டம் பெருகினால் மெல்லிய வேர்களையும் கடிக்கும். வளர்ந்த மணி பிளான்ட்டுக்கு இதனால் ஒன்றும் ஆகாது. நாற்றும் முளைக்கீரையும்தான் வாடிச் சாயும். 24 டிகிரி வெப்பத்தில் முட்டை ஈயாக மாற சுமார் 17 நாள் ஆகும். ஒரே நேரத்தில் மண்ணில் முட்டை, புழு, கூட்டுப்புழு மூன்றும் இருப்பதால், ஒரு முறை மருந்து ஊற்றிவிட்டு “போகவில்லையே” என்று அலுத்துக்கொள்வதில் பொருளில்லை. எதைச் செய்தாலும் மூன்று நான்கு வாரம் விடாமல் செய்ய வேண்டும்.

எந்தத் தொட்டியில் புழு இருக்கிறது என்று கண்டுபிடிக்க உருளைக்கிழங்கு போதும். ஒரு சென்டிமீட்டர் கனத்தில் வில்லை வெட்டி, மண்மேல் அழுத்தி வைத்துவிட்டு, இரண்டு மூன்று நாள் கழித்துத் திருப்பிப் பாருங்கள். புழு இருந்தால் அடியில் மொய்த்திருக்கும். எல்லாத் தொட்டிக்கும் மருந்து ஊற்றி அலைவது மிச்சம்.

இனி முக்கியமான விஷயம், தண்ணீர். மேல் மண் இரண்டு அங்குலம் காய்ந்துவிட்டால் முட்டையும் சின்னப் புழுவும் பிழைக்காது, ஈயும் அங்கே முட்டையிட விரும்பாது. விரலை மண்ணில் இரண்டாவது கணு வரை விட்டுப் பாருங்கள், ஈரம் தட்டினால் அன்று தண்ணீர் வேண்டாம். மணி பிளான்ட், ஸ்நேக் பிளான்ட், கற்றாழை எல்லாம் இதைத் தாராளமாகத் தாங்கும். ஸ்நேக் பிளான்ட்டுக்குத் தினமும் தண்ணீர் ஊற்றுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், அந்தச் செடி அழுகுவதற்கே அதுதான் காரணம். நர்சரியில் வரும் தொட்டிகளில் பாதிக்கு மேல் தென்னை நார்க்கழிவுதான். மேலே காய்ந்து வெளுத்துத் தெரியும், உள்ளே பிழிந்தால் தண்ணீர் சொட்டும். கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள், தொட்டியைத் தூக்கி எடையைப் பாருங்கள். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் ஒரு வாரம் ஆனாலும் ஈரம் போகாது. இந்தத் தொல்லை அப்போது உச்சத்துக்குப் போவதும் அதனால்தான்.

அடுத்தது, நம் வீடுகளுக்கே உரிய ஒரு பழக்கம். அரிசி கழுவிய தண்ணீர், புளித்த மோர், வடிகட்டிய தேயிலை, வெங்காயத் தோல் ஊறிய தண்ணீர், வாழைப்பழத் தோல், எல்லாம் தொட்டிக்குப் போகும். எங்கள் வீட்டிலும் அம்மா அரிசி கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் ஊற்ற விடமாட்டார். மாடித் தோட்டத்தில், வெயில் காயும் இடத்தில், அது பரவாயில்லை. வீட்டுக்குள், காற்றும் வெயிலும் இல்லாத தொட்டியில் அதே தண்ணீர் பூஞ்சைக்கு விருந்து. பூஞ்சை வந்தால் பின்னாலேயே இந்த ஈயும் வரும். பஞ்சகவ்யா, மீன் அமிலம் போன்றவற்றுக்கும் இதே கதைதான். ஈ ஒழியும் வரை வீட்டுக்குள் இருக்கும் செடிக்கு வெறும் தண்ணீர் மட்டும் கொடுங்கள். என்னைக் கேட்டால், அதற்கு அப்புறமும் அப்படியே விட்டுவிடலாம். மேலே உதிர்ந்து கிடக்கும் இலைகளையும் பொறுக்கி எடுத்துவிடுங்கள்.

கொத்தமல்லியையும் புதினாவையும் அப்படிக் காயப்போட முடியாது, வாடிவிடும். அவற்றுக்குத் தண்ணீரை மேலே ஊற்றாமல் ஒரு தட்டில் ஊற்றி, தொட்டியை அரைமணி நேரம் அதில் வையுங்கள். அடி மண் உறிஞ்சிக்கொள்ளும், மேல் மண் ஓரளவு காய்ந்தே இருக்கும். மிஞ்சிய தண்ணீரைக் கொட்டிவிடுவது கட்டாயம். தட்டில் தேங்கும் தண்ணீரில்தான் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும், கடிக்காத ஈயை விரட்டப் போய்க் கடிக்கிற கொசுவை வளர்த்த கதையாகிவிடும்.

இதற்கு மேலும் குறையவில்லை என்றால் மருந்து. எனக்கு நம்பிக்கையுள்ள மருந்து ‘பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ்’ என்ற பாக்டீரியா, சுருக்கமாக பிடிஐ. 1976இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. கொசுப்புழுவை அழிக்க உலகமெங்கும் பயன்படுத்துகிறார்கள். இதன் புரதத்தைத் தின்ற புழுவின் குடல் சிதைந்துவிடும், மனிதனுக்கும் செடிக்கும் பாதிப்பில்லை. பாக்கெட்டில் சொன்ன அளவுக்குத் தண்ணீரில் கலந்து மண் நனைய ஊற்றி, வாரத்துக்கு ஒரு முறை என்று மூன்று நான்கு தடவை செய்ய வேண்டும், மண்ணில் அதிக நாள் தங்காது. வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். உரக்கடையில் வெறுமனே “பிடி” என்று கேட்டால் காய்ப்புழுவுக்கான ‘குர்ஸ்டாகி’ வகையைக் கொடுத்துவிடுவார்கள். அது இந்த ஈயின் புழுவை ஒன்றும் செய்யாது. லேபிளில் ‘இஸ்ரேலென்சிஸ்’ என்று இருக்கிறதா என்று படித்துவிட்டு வாங்குங்கள்.

ஹைட்ரஜன் பெராக்சைடு பற்றி யூடியூபில் பார்த்திருப்பீர்கள். ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர் என்று அவர்கள் சொல்வது 3 சதவீதக் கரைசலுக்கு. நம் ஊர் மருந்துக்கடையில் பெரும்பாலும் கிடைப்பது 6 சதவீதம். அதை ஒன்றுக்கு ஒன்பது என்று கலந்தால்தான் அதே அளவு வரும். மேலே படும் புழு சாகும், கூடவே மண்ணில் உள்ள நல்ல நுண்ணுயிர்களும் சாகும். அதனால் இதை அடிக்கடி செய்ய மாட்டேன். வேப்பெண்ணெய் கையில் இருந்தால் லிட்டருக்கு 5 மில்லி, கூடவே சில சொட்டு சோப்புக் கரைசல், நன்றாகக் கலக்கி மண்ணில் ஊற்றுங்கள். புழு வளர்வதைத் தடுக்கும், வேலை மெதுவாகத்தான் நடக்கும். வேப்பம் புண்ணாக்கை மட்டும் மண்மேல் தூவி வைக்காதீர்கள், ஈரம் பட்டால் அதன்மேலேயே வெள்ளைப் பூஞ்சை படரும்.

மஞ்சள் ஒட்டுப்பொறி வைக்கலாம். கடையில் வாங்காமல் மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவி, மண்ணை ஒட்டி நட்டு வைத்தாலும் போதும். அது பெரிய ஈயைத்தான் பிடிக்கும், புழுவைத் தொடாது. ஆனாலும் வாரத்துக்கு வாரம் எத்தனை ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் குறைகிறதா என்று தெரிந்துவிடும். வினிகர் கிண்ணம் பழ ஈக்கு நல்லது, இதற்குச் சுமார்தான். பட்டைத் தூளில் எனக்கு நம்பிக்கையில்லை. கொசு ஸ்ப்ரே அடித்தால் பறக்கிறது சாகும், அடுத்த வாரம் அடுத்த கூட்டம் வரும்.

தண்ணீரைக் குறைத்த பிறகு, மேல் மண்மேல் ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குப் பருமணல் பரப்பினால் ஈ முட்டையிட இடம் கிடைக்காது. தொட்டியின் அடித்துளை வழியாகவும் ஈ புகும், அதனால் அங்கே ஒரு துண்டு கொசுவலையை வைத்து அடையுங்கள்.

எல்லாம் ஒழிந்த பிறகு மறுபடி வருவது பெரும்பாலும் இரண்டு வழியில். ஒன்று, நர்சரியில் வாங்கி வரும் புதுச்செடி, அதை மூன்று வாரமாவது மற்ற செடிகளுடன் சேர்க்காமல் பால்கனியில் தனியாக வையுங்கள். இன்னொன்று, வாய் திறந்து மூலையில் கிடக்கும் மண்புழு உர மூட்டை. அதை ஒருமுறை தட்டிப் பாருங்கள், சில சமயம் உங்கள் ஈக்களில் பாதி அதிலிருந்துதான் கிளம்பும். உரத்தை இறுக்கமான மூடியுள்ள வாளிக்கு மாற்றிவிடுங்கள். தென்னை நார்க்கழிவையும் பழைய தொட்டி மண்ணையும் மறுபடி பயன்படுத்துவதற்கு முன் சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் மெல்லிசாகப் பரப்பிச் சில நாள் காயவிடுங்கள். மழைக்காலமாக இருந்தால் நார்க்கழிவில் கொதிக்கும் தண்ணீர் ஊற்றி, ஆறிய பிறகு பிழிந்து பயன்படுத்தலாம்.