கார்டுக்கு ஏன் ஒரே விலை?

கேள்வி: பாம்பனிலிருந்து மண்டபத்துக்கு எழுதினாலும் காஷ்மீருக்கு எழுதினாலும் தபால் கார்டுக்கு அதே ஐம்பது பைசாதான். தொலைவுக்கேற்பக் கட்டணம் வாங்காததற்குக் காரணம் என்ன? ஸ்டாம்பு ஒட்டாத கடிதங்களை இரட்டிப்புக் காசு கொடுத்து வாங்கியதாக என் பாட்டி சொல்வார், அது உண்மையா?
– வாசகி ஒருவர், பாம்பன்

பதில்: காரணம், இங்கிலாந்தில் ரோலண்ட் ஹில் என்ற அஞ்சல் சீர்திருத்தக்காரர் 1837இல் போட்டுக் காட்டிய ஒரு கணக்கு. அந்நாளில் அங்கே கடிதக் கட்டணம் தொலைவையும் தாள்களின் எண்ணிக்கையையும் பொறுத்து ஏறியது. பெரும்பாலும் பெறுபவரே அதைக் கொடுக்க வேண்டியிருந்ததால், காசில்லாதவர்கள் வந்த கடிதத்தை வாங்காமலே திருப்பி அனுப்பினார்கள். ஆனால் லண்டனிலிருந்து ஏறத்தாழ 640 கிலோமீட்டர் தள்ளியுள்ள எடின்பரோவுக்கு ஒரு கடிதத்தைச் சுமந்துசெல்ல ஆகும் செலவு ஒரு பென்னியில் 36இல் ஒரு பங்குதான் என்று ஹில் கண்டார். ஒவ்வொரு கடிதத்துக்கும் தொலைவு பார்த்து, தாளை எண்ணி, கட்டணத்தைக் குறித்து, வீட்டு வாசலில் நின்று வசூலிப்பதில்தான் பணம் கரைந்துகொண்டிருந்தது. எல்லா ஊருக்கும் ஒரே கட்டணத்தை முன்னதாகவே வாங்கிவிட்டால் அவ்வளவு வேலையும் ஒழியும் என்றார். 1840 ஜனவரி 10 முதல் அரை அவுன்ஸ் எடை வரை ஒரு பென்னி என்றாயிற்று. 1839இல் சுமார் 7.6 கோடியாக இருந்த கடிதங்கள் அந்த ஓராண்டிலேயே சுமார் 16.9 கோடியாகப் பெருகின.

நம் நாட்டில் கல்கத்தாவிலிருந்து பம்பாய்க்கு ஒரு தோலா (ஏறத்தாழ பன்னிரண்டு கிராம்) எடைக்கு ஒரு ரூபாய் வாங்கிய காலம் இருந்தது. ஹில்லின் வழியைப் பின்பற்றி, கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி ஆட்சியில் இயற்றிய சட்டப்படி, 1854 அக்டோபர் 1 முதல் கால் தோலா வரை அரையணா என்று வந்தது. கால் தோலா என்பது மூன்று கிராமுக்கும் குறைவு. மெல்லிய தாள் ஒன்றுதான் அதற்குள் அடங்கும். ஆயினும் இராமநாதபுரம் சீமையிலிருந்து பெஷாவருக்கும் அதே அரையணா என்பது எவ்வளவு பெரிய மாற்றம்! 1879 ஜூலையில் காலணா கார்டும் வந்தது. இன்று ஒரு கார்டைக் கொண்டுசேர்க்க ஐம்பது பைசாவைப்போலப் பல மடங்கு செலவாகிறது. தீவிலிருக்கும் தங்களிடம் கூடுதலாகக் கேட்காமல் அந்த நட்டத்தை அஞ்சல் துறை ஏற்பது முற்றிலும் சரியென்றே கருதுகிறேன்.

பாட்டி சொன்னது உண்மையே. அதற்குப் 'பேரிங்' கடிதம் என்று பெயர். அனுப்புபவர் முன்னதாகவே காசு கட்டும் பழக்கம் வேரூன்ற வேண்டும் என்பதற்காக, ஸ்டாம்பில்லாத கடிதத்துக்குப் பெறுபவரிடம் இரு மடங்கு வாங்கினார்கள். ஆனாலும் கடிதத்தைத் தடுத்து வைக்கவில்லை. சங்கு குளிக்கத் தூத்துக்குடிப் பக்கம் போய், ஸ்டாம்புக்குக் கையில் காசில்லாமல் நின்றவரும் வீட்டுக்கு எழுத அது ஒரு வழியாயிற்று.