உப்புக் காற்றும் ரிமோட் கதவும்: மகன் அனுப்பிய 2 இலட்சம் போதுமா?

கேள்வி: மட்டக்களப்பு கல்லடியில் கடலில் இருந்து 300 மீட்டர் தூரத்தில் எங்கள் வீடு. நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. கணவருக்கு முதுகில் சத்திரசிகிச்சை நடந்த பிறகு கராஜ் கதவைத் தூக்க முடிவதில்லை. 2011இல் போட்ட இரும்பு ரோலர் கதவு அது. நானே இரண்டு கையாலும் இழுத்துத்தான் தூக்குகிறேன். கனடாவில் உள்ள மகன் "ரிமோட் போடுங்கோ அம்மா" என்று 200,000 ரூபா அனுப்பியிருக்கிறான். இரண்டு கொட்டேஷன் வாங்கினேன். ஒன்று, பக்கத்தில் பொருத்தும் ஏசி மோட்டர், சங்கிலி இழுப்பு, பூட்டுக்கூலியோடு 92,000. ஒரு வருட உத்தரவாதம். மற்றது 24 வோல்ட் டிசி மோட்டர், பற்றரியோடு 172,000. மோட்டருக்கு 5 வருடம், சர்க்கிட்டுக்கு 2 வருடம். இதையே மாதம் 16,500 படி 12 மாதத் தவணையிலும் தருவார்களாம். கதவு வேலை செய்பவர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, ஸ்பிரிங்கும் கீழ்ப்பட்டியும் மாற்ற 45,000 கேட்கிறார். மோட்டர் போட்டால் அது தேவையில்லைதானே? மலிவான மோட்டரை வாங்கி மிச்சத்தைச் சேமிக்கவா? அல்லது பெப்ரவரியில் முதிரும் 5 இலட்சம் நிலையான வைப்பை உடைத்து எல்லாவற்றையும் செய்யவா?

பதில்: ரீச்சர், நீங்கள் கடைசியில் போகிற போக்கில் கேட்ட அந்த 45,000 ரூபாவில்தான் உங்கள் கேள்விக்கான பதில் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் உப்பைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். இந்தக் கணக்கில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது அதுதான்.

குசினியில் மூடாமல் வைத்த உப்பு டப்பா மழை நாளில் எப்படிக் கசிந்து நீர் விடுகிறது என்று உங்களுக்குத் தெரியும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கிவிடும். கல்லடியில் இரவில் அந்த அளவு ஈரம் சர்வசாதாரணம். ஆகவே மோட்டரின் தாங்கியிலும் சங்கிலியிலும் சர்க்கிட்டிலும் படிந்திருக்கும் உப்புத் தூள், மழை பெய்யாத இரவிலும் அவற்றை நனைத்து வைக்கிறது. "கராஜுக்குள்ளேதானே இருக்கிறது, மழை படாதே" என்று பலர் நினைக்கிறார்கள். கதை நேர் எதிரானது. வெளியே இருக்கும் இரும்பை மழை கழுவிவிடும். உள்ளே படிந்த உப்பைக் கழுவ யாரும் இல்லை.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பணம் கொடுத்துத் தெரிந்துகொண்டேன். காரைதீவில் என் வீட்டுக்கு மலிவு விலையில் ஒரு சங்கிலி மோட்டர் பூட்டினேன். முதல் மாரி பிழைத்தது. இரண்டாவது மாரியில் ரிமோட்டை அமுக்கினால் சத்தமே இல்லை. பெட்டியைத் திறந்தால் சர்க்கிட்டில் பச்சை பூத்திருக்கிறது, கூடவே ஒரு பல்லி. பூட்டியவரைக் கூப்பிட்டால் "மறுகா வாறன்" என்றார். ஆறு வாரம் கழித்து வந்தார். உத்தரவாத அட்டையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில், கடலோர அரிப்புக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று எழுதியிருந்தது. நிதி ஆலோசனை சொல்கிற ஆள் அட்டையின் பின்பக்கத்தைப் படிக்கவில்லை என்று என் மனைவி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்.

சரி, கணக்குக்கு வருவோம். துருப்பிடிக்கும் பொருளை வாங்கும்போது விலையைப் பார்க்காமல் வருடச் செலவைப் பாருங்கள். 92,000 ரூபா மோட்டர் உங்கள் இடத்தில் 4 வருடம் உழைக்கும், இடையில் ஒரு தடவை 30,000 ரூபாவுக்கு சர்க்கிட் மாற்ற வேண்டி வரும் என்று வைத்துக்கொண்டால், 122,000ஐ நாலால் வகுக்க வருடத்துக்கு 30,500 வருகிறது. 172,000 ரூபா மோட்டருக்கு மூன்று வருடத்துக்கு ஒரு தடவை பற்றரி மாற்ற வேண்டும். 12,000 என்று போட்டிருக்கிறேன். அது 6 வருடம் உழைத்தால் இடையில் ஒரே பற்றரி: 184,000ஐ ஆறால் வகுக்க 30,667. ஏறத்தாழ அதே தொகை. 9 வருடம் உழைத்தால் இரண்டு பற்றரி: 196,000ஐ ஒன்பதால் வகுக்க 21,778. இந்த வருடங்களும் உதிரி விலைகளும் என் ஊகம். உங்கள் ஊரில் இதே மோட்டர் வைத்திருப்பவரிடம் கேட்டு மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. விலை கூடிய மோட்டர் தன்னாலேயே இலாபம் தருவதில்லை. ஆறு வருடத்தைத் தாண்டினால்தான் இலாபம். தாண்டுமா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது உங்கள் கதவு.

இரண்டு கையாலும் இழுத்துத் தூக்குகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒழுங்காகச் சமநிலையில் இருக்கும் ரோலர் கதவை ஒரு கையால் தூக்கலாம். பாதி உயரத்தில் விட்டால் ஏறத்தாழ அங்கேயே நிற்கும். பாரத்தைச் சுமப்பது உருளைக்குள் இருக்கும் ஸ்பிரிங். மோட்டர் வெறுமனே சுழற்றிக் கொடுக்கிறது. வழமையான ஸ்பிரிங் 10,000 தடவை ஏறி இறங்கத் தாங்கும் என்று கணிப்பார்கள். நாளுக்கு இரண்டு தடவை வெளியே போய் வந்தால் கதவு நாலு தடவை ஏறி இறங்குகிறது, வருடத்துக்கு 1,460 தடவை. ஏழு வருடத்தில் ஸ்பிரிங்கின் ஆயுள் முடிந்துவிடும். உங்களுடையது 2011இல் போட்டது, அதுவும் கடற்கரையில். இந்தக் கதவில் எந்த மோட்டரைப் பூட்டினாலும் அது கதவின் முழுப் பாரத்தையும் தூக்கித் தூக்கிச் சூடேறி, காலத்துக்கு முன்பே போய்விடும். 172,000 ரூபா மோட்டரை 4 வருடத்தில் கொல்ல வேண்டும் என்றால் அதற்கு இதைவிட நல்ல வழி இல்லை.

ஆகவே 45,000 ரூபா வேலை முதலில். கீழ்ப்பட்டியை அலுமினியத்தில் போடச் சொல்லுங்கள். போல்ட்டும் நட்டும் ஸ்டெயின்லெஸ், அதிலும் 316 வகை கேளுங்கள். கடைகளில் வழமையாகக் கிடைக்கும் 304ஐ விட 316 உப்பைத் தாங்கும், அதில் மொலிப்டினம் கலந்திருக்கிறது. ஸ்டெயின்லெஸ் போல்ட் அலுமினியத்தைத் தொடும் இடத்தில் நைலோன் வாஷர் போட வேண்டும்; இல்லாவிட்டால் அலுமினியம் அரித்துப் போகும். சுவரில் பிடிக்கும் தாங்கிகள் உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த கல்வனைஸாக இருக்கட்டும். மினுமினு என்று மெல்லிய பூச்சோடு வருவது ஒரு மாரிக்குக் காணாது. ஸ்பிரிங்கில் மட்டும் நீங்களோ பக்கத்து வீட்டுத் தம்பியோ கை வைக்க வேண்டாம். முறுக்கு விடுபட்டால் கையை முறித்துவிடும்.

அப்புறம் மோட்டர். உங்களுக்கு நான் டிசி மோட்டரைத்தான் சொல்வேன், பற்றரி ஒன்றுக்காகவே. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது மறந்திருக்காது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததாகச் சொல்லி நாடு முழுக்க இருண்டது. முதுகு ஏலாத மனிதர் காருக்குள் இருக்க, கதவு திறக்க மாட்டேன் என்றால் அந்த மோட்டரால் என்ன பயன்? பற்றரியும் ஒரு நாள் சோரும். கையால் விடுவிக்கும் கயிறு உள்ளே இருக்கும். கராஜுக்கு வேறு வாசல் இல்லாவிட்டால் வெளியில் இருந்து சாவியால் விடுவிக்கும் வசதியையும் கேட்டு வாங்குங்கள். ஸ்பிரிங் புதிதாக இருந்தால்தான் அந்த நேரத்தில் உங்களால் கதவைத் தூக்க முடியும் என்பதையும் யோசியுங்கள்.

கட்டுப்பாட்டுப் பெட்டி ஐபி 54 அல்லது அதற்கு மேல் என்று கொட்டேஷனிலேயே எழுதச் சொல்லுங்கள். தூசும் தெறிக்கும் நீரும் உள்ளே போய்ப் பழுதாக்காத அளவு அது. சர்க்கிட்டுக்குப் பாதுகாப்புப் பூச்சு உண்டா என்றும் கேளுங்கள். வயர் நுழையும் ஓட்டைகளை அடைத்துத் தர வேண்டும், பல்லியும் எறும்பும் அதால்தான் குடிபோகின்றன. பேரப்பிள்ளைகள் லீவுக்கு வருவார்கள் என்றால், குறுக்கே ஆள் நின்றால் கதவை நிறுத்தும் ஒளிக்கதிர் கண் இல்லாமல் வாங்கவே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை இடிமின்னலுக்கு ஒரு மின்னெழுச்சித் தடுப்பான் (சேர்ஜ் புரொடெக்டர்) போடுங்கள். ஊருக்குப் போகும்போது பிளக்கைக் கழற்றுங்கள்.

கரண்ட் பில்லைப் பற்றிக் கவலை வேண்டாம். சும்மா நிற்கும்போது 5 வோட் இழுத்தாலும் மாதத்துக்கு 4 யூனிட்டைத் தொடாது. உங்கள் பாவனை படிமுறைக் கட்டணத்தின் எல்லையில் நிற்கிறது என்றால் மட்டும் ஒரு பார்வை பாருங்கள்.

தவணைக்கு வருவோம். 16,500ஐப் பன்னிரண்டால் பெருக்க 198,000. கைக்காசு விலையை விட 26,000 அதிகம். கடைக்காரர் இதை 15 சதவீதம் என்று சொல்வார். ஆனால் மாதாமாதம் முதலைக் கட்டிக் குறைத்துக்கொண்டே வருகிறீர்கள். கடைசி மாதத்தில் உங்கள் கையில் இருப்பது அவர்களின் பணத்தில் சிறு துண்டுதான். அப்படிப் பார்த்தால் உண்மையான வட்டி வருடத்துக்கு ஏறத்தாழ 27 சதவீதம். கையில் 2 இலட்சம் இருக்கும்போது இது ஏன்?

நிலையான வைப்பையும் தொடாதீர்கள். முதிர்வுக்கு முன் உடைத்தால் ஒப்புக்கொண்ட வட்டியின் ஒரு பகுதி போய்விடும். இதோடு சம்பந்தம் இல்லாத ஒன்று: 2025 ஏப்ரலில் இருந்து வைப்பு வட்டியில் 10 சதவீதம் வரியாகக் கழிக்கப்படுகிறது. உங்கள் மொத்த வருமானம் வருடத்துக்கு 18 இலட்சத்தைத் தாண்டாவிட்டால், வங்கியில் சுயபிரகடனப் படிவம் கொடுத்து அந்தக் கழிவைத் தவிர்க்கலாம். இன்னும் கொடுக்கவில்லை என்றால் இந்தக் கிழமையே போய்க் கொடுங்கள்.

இப்போது கூட்டிப் பாருங்கள். கதவு வேலை 45,000, மோட்டர் 172,000, ஆக மொத்தம் 217,000. மகனின் பணத்துக்கு மேல் 17,000தான் தேவை. மின்னெழுச்சித் தடுப்பானையும் நல்ல போல்ட்களையும் சேர்த்தாலும் தவணைக்கு நீங்கள் கூடுதலாகக் கட்டவிருந்த 26,000க்குள் அடங்கும். இந்த மாதம் கதவை மட்டும் செய்யுங்கள். இரண்டு, மூன்று கிழமை கையால் தூக்கிப் பார்த்து, லேசாக ஏறுகிறது என்று கண்டபின் மோட்டருக்குச் சொல்லுங்கள். அதற்குள் ஓய்வூதியம் ஒன்றோ இரண்டோ வந்துவிடும். மாரி பிடிக்கும் முன் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். முற்பணம் பாதிக்கு மேல் கொடுக்க வேண்டாம்.

கையெழுத்துப் போடும் முன் இரண்டு விஷயத்தை எழுத்தில் வாங்குங்கள். ஒன்று, உப்புக் காற்றால் வரும் துரு உத்தரவாதத்தில் அடங்குமா. மற்றது, பழுது வந்தால் மட்டக்களப்பிலோ கல்முனையிலோ ஆளும் உதிரியும் உண்டா, அல்லது கொழும்பில் இருந்து வரும் ஆளின் போக்குவரத்துச் செலவு உங்கள் தலையிலா. இரண்டாவதற்குச் சரியான பதில் வராவிட்டால், 172,000 கேட்கும் ஆளை விட்டுவிட்டு, அதே வகை மோட்டரை ஊருக்குள் சேர்விஸ் செய்து தருபவரைத் தேடுங்கள். ஐயாயிரம் பத்தாயிரம் கூடினாலும் பரவாயில்லை.

பராமரிப்புக்கு மாதம் ஒரு தடவை அரை மணி நேரம் போதும். கதவையும் பக்கத்துத் தண்டவாளங்களையும் நல்ல தண்ணீரால் கழுவித் துடையுங்கள். குழாய்த் தண்ணீராக இருக்க வேண்டும். உங்கள் பக்கத்துக் கிணறுகள் பல உவர், அதால் கழுவினால் உப்பை நாமே பூசிவிடுகிறோம். தண்டவாளத்துக்குக் கிறீஸ் பூசக் கூடாது, காற்று கொண்டுவரும் மணல் அதில் ஒட்டி அரத்தைப் போல உராயும். சிலிக்கோன் ஸ்பிரே அடியுங்கள். மோட்டர் பெட்டியின் மேல் தண்ணீர் அடிக்காமல் ஈரத்துணியால் மட்டும் துடையுங்கள். உங்களுக்கும் ஐயாவுக்கும் குனிய ஏலாது என்றால், மாதம் ஒரு பொடியனுக்குக் கூலி கொடுத்துச் செய்விப்பதும் என் கணக்கில் நட்டமில்லை.