ஆஸ்டன் மார்ட்டினுக்குள் பென்ஸ் எஞ்சினா?

இந்த முறை முழுக்க ஸ்போர்ட்ஸ் கார் கேள்விகள். மைவி கியர் இழுக்கிறது, சாகா ஏர்கோன் குளிரவில்லை என்று எழுதியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பங்சாரில் ஒரு கடை வாசலில் ஆஸ்டன் மார்ட்டின் வான்டேஜ் நின்றது. நானும் என் தம்பியும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தோம். பக்கத்தில் நின்ற ஒருவர், "உள்ள இருக்கிறது பென்ஸ் எஞ்சின் தம்பி, மேல மட்டும்தான் ஆஸ்டன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஒரு மில்லியன் வெள்ளிக்கு மேல் வாங்கிக்கொண்டு அடுத்தவர் எஞ்சினைப் போட்டுக் கொடுப்பது ஏமாற்று வேலை இல்லையா?
— வாசகர், பங்சார்

பதில்: அவர் சொன்னது உண்மை, ஆனால் பாதி. 2013-இல் ஆஸ்டன் மார்ட்டினும் மெர்சிடிஸின் அப்போதைய தாய் நிறுவனமான டைம்லரும் ஒப்பந்தம் போட்டன. டைம்லருக்கு 5 விழுக்காடு வரை பங்கு, ஆஸ்டனுக்கு மெர்சிடிஸின் ஸ்போர்ட்ஸ் கார் பிரிவான ஏஎம்ஜியின் வி8 எஞ்சினும் மின்னணுப் பாகங்களும். அப்படி வந்த 4 லிட்டர் இரட்டை டர்போ எஞ்சின்தான் 2017-இல் டிபி11-லும், 2018-இல் புதிய வான்டேஜிலும் ஏறியது. காற்று உள்ளே வரும் வழி, புகை வெளியேறும் குழாய், எஞ்சின் கணினிக்குள் இருக்கும் கணக்கு இதையெல்லாம் ஆஸ்டன் தன் விருப்பப்படி மாற்றிக்கொண்டது. அதனால்தான் ஒரே குடும்பத்து எஞ்சின் மெர்சிடிஸில் ஒரு குரலிலும் இதில் வேறு குரலிலும் உறுமுகிறது.

அவர் சொல்லாமல் விட்ட மீதிப் பாதிதான் சுவாரசியம். இதற்கு முந்தைய வான்டேஜ் 2005-இல் வந்தது, "அதுதான் அசல் ஆஸ்டன்" என்று இன்றைக்குப் பலர் பெருமூச்சு விடுகிறார்களே, அந்தக் காரின் 4.3 லிட்டர் வி8-க்கு அடித்தளம் ஜாகுவாரின் வி8. 1994-இல் வந்து ஆஸ்டனைக் கரையேற்றிய டிபி7-இன் ஆறு சிலிண்டர் எஞ்சினும் ஜாகுவார் வழிதான். அப்போது இரண்டு கம்பெனிகளுக்கும் முதலாளி ஃபோர்டு என்பதால் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அண்ணன் சட்டையைத் தம்பி போட்டுக்கொண்டால் ஊரில் பேச்சு வராது. பக்கத்து வீட்டுச் சட்டை என்றால்தான் ஆளாளுக்குக் கண் போகும்.

சரி, ஏன் வாங்குகிறார்கள்? செய்யத் தெரியாமல் இல்லை. அவர்களுடைய 5.2 லிட்டர் இரட்டை டர்போ வி12 சொந்தச் சரக்குதான். கணக்குதான் இடிக்கிறது. ஒரு புது எஞ்சினை வரைந்து, வார்த்து, ஓட்டி உடைத்துப் பார்த்து, திரும்பவும் வரைந்து, அப்புறம் ஐரோப்பா, அமெரிக்கா, சீனா என்று ஒவ்வோர் ஊர்ப் புகைச் சட்டத்துக்கும் தேர்வெழுத வைத்துப் பாஸ் வாங்கும் செலவை, ஆண்டுக்குச் சில ஆயிரம் கார் விற்கிற கம்பெனி எத்தனை கார் தலையில் கட்டும்? ஏஎம்ஜி அதே எஞ்சினை செடான், கூப்பே, எஸ்யூவி என்று ஒரு பெரிய வரிசை முழுக்க மாட்டி அந்தச் செலவைக் கரைத்துவிடுகிறது.

இன்னொன்று சொல்கிறேன். உலகத்தின் மிகச் சிறந்த கார் எது என்று கேட்டால் 1990-களின் மெக்லாரன் எஃப்1-ஐக் காட்டுகிறவர்கள் நிறைய பேர், நானும் அதில் ஒருவன். அதன் 6.1 லிட்டர் வி12 யாருடையது? பிஎம்டபிள்யூ. காரை வடிவமைத்த கார்டன் மரே முதலில் ஹோண்டாவிடம் கேட்டார், கிடைக்கவில்லை. பிஎம்டபிள்யூவின் எஞ்சின் பொறியாளர் பால் ரோஷே செய்து கொடுத்தார். டர்போ கிடையாது, 627 குதிரைச்சக்தி, 1998-இல் மணிக்கு 386 கிலோமீட்டர். அந்தக் காரைப் பார்த்து "இது பிஎம்டபிள்யூ" என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? பகானி ஸோண்டாவுக்குள் இருப்பதும் மெர்சிடிஸ் வி12. அதை வாங்கினவர்கள் பணத்தைத் திருப்பிக் கேட்டதாகவும் செய்தி இல்லை.

எனக்கு இருக்கிற மனக்குறை வேறு. மெக்லாரனுக்கு அந்த எஞ்சின் அதற்காகவே செய்யப்பட்டது, இன்றைக்கு வாங்குவது பெரும்பாலும் அலமாரியில் தயாராக இருப்பது. முன்பெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை வைத்தே இன்ன கார் என்று சொல்லிவிடலாம். ஒரே வி8 நாலு வீட்டில் குடியிருந்தால் அது கஷ்டம். உங்கள் பங்சார் நண்பர் அதைச் சொல்லி வருத்தப்பட்டிருந்தால் நானும் கூட உட்கார்ந்து ஒரு தே தாரிக் குடித்திருப்பேன்.

கேள்வி: 2 லிட்டர் டர்போ, பழைய 3 லிட்டர் எஞ்சினுக்குச் சமம் என்கிறான் என் மகன். சின்ன எஞ்சினுக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வருகிறது? ஃபெராரி கூட டர்போவுக்கு மாறிவிட்டதாமே?
— வாசகர், செந்தூல்

பதில்: கொல்லன் பட்டறைத் துருத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். கரி அதேதான், காற்றை அடித்து ஊதினால் நெருப்பு சீறும். டர்போவும் துருத்திதான், ஆனால் அதை மிதிக்க ஆள் வேண்டாம், உலையிலிருந்து வெளியேறும் புகையே மிதிக்கும். வெளியேறும் சூடான புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது, அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் போகும். அழுத்தம் 1 பார், அதாவது நம்மைச் சுற்றியிருக்கும் காற்றின் அழுத்தம் அளவுக்கு, கூடினால் ஏறக்குறைய இரண்டு மடங்கு காற்று உள்ளே போகும், அதற்கேற்ற பெட்ரோலும் போகும். 2 லிட்டர் எஞ்சின் 4 லிட்டர் எஞ்சினைப் போல மூச்சு விடும். இதற்கு சுவிட்சர்லாந்துக்காரர் ஆல்ஃபிரட் பியூக்கி 1905-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார்.

பிரச்சினை என்னவென்றால் புகை சேர்ந்து சக்கரம் வேகம் பிடிக்கக் கொஞ்சம் நேரமாகும். 1975-இன் போர்ஷே 911 டர்போவில் காலை அழுத்தினால் முதலில் ஒன்றும் நடக்காது, "என்னடா இது" என்று நினைத்து இன்னும் அழுத்துவீர்கள், அதற்குள் வளைவு வந்துவிடும், 260 குதிரையும் சேர்ந்து அந்த வளைவில்தான் வந்து இறங்கும். கார் பின்பக்கமாக வெளியே பறக்கும். இப்போது ஒரு பெரிய டர்போவுக்குப் பதில் இரண்டு சின்ன டர்போ வைக்கிறார்கள். மேலே சொன்ன ஏஎம்ஜி வி8-இல் அவை இரண்டு வரிசை சிலிண்டர்களுக்கு நடுவில் இருக்கும் 'வி' பள்ளத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கின்றன, புகை போக வேண்டிய தூரம் அந்த அளவுக்குக் குறைவு.

ஃபெராரி புதிதாக மாறவில்லை, திரும்பி வந்திருக்கிறது. 1982-லேயே 208 டர்போ என்று 2 லிட்டர் கார் செய்தார்கள். காரணம் கேட்டால் சிரிப்பீர்கள்: இத்தாலியில் 2 லிட்டருக்கு மேல் போனால் விற்பனை வரி எகிறும். 1987-இன் எஃப்40-யும் இரட்டை டர்போதான். அதற்கப்புறம் நீண்ட இடைவெளி, 2014-இல் கலிஃபோர்னியா டி, 2015-இல் 488.

வரி என்றதும் நம் ஊர் சாலை வரிக்கு வருவோம், ஏனென்றால் இங்கேயும் பெட்ரோல் காருக்கு வரி சிசியை, அதாவது எஞ்சின் கொள்ளளவைப் பார்த்துத்தான், பலத்தைப் பார்த்து இல்லை. தீபகற்பத்தில் தனியார் பெயரில் இருக்கும் 2 லிட்டர் செடானுக்கு ஆண்டுக்கு 380 வெள்ளிக்குள் முடிந்துவிடும். 3 லிட்டருக்கு 2,130 வெள்ளி. அதற்கு மேல் ஒவ்வொரு சிசிக்கும் 4 வெள்ளி 50 காசு. உங்கள் மகன் சொல்கிற 2 லிட்டர் டர்போவின் உண்மையான அழகு இங்கேதான் இருக்கிறது. ஃபெராரியிலும் இதே கதைதான்: டர்போ இல்லாத 458, 4.5 லிட்டர், 570 குதிரைச்சக்தி, வரி ஏறத்தாழ 8,870 வெள்ளி. டர்போ போட்ட 488, 3.9 லிட்டர், 670 குதிரைச்சக்தி, வரி 6,190 வெள்ளி பக்கம். நூறு குதிரை கூட, 2,700 வெள்ளி குறைவு. ஃபெராரி வாங்குகிறவர் இந்தக் கணக்கைப் பார்க்க மாட்டார் என்று நினைக்காதீர்கள், பணக்காரர்கள்தான் முதலில் பார்ப்பார்கள்.

இன்னொரு நன்மை, கெந்திங் ஏறும்போது தெரியும். மேலே ஏறத்தாழ 1,800 மீட்டர், காற்று மெலிந்திருக்கும், சாதாரண எஞ்சின் மூச்சு வாங்கும். டர்போ காற்றைத் தானே அழுத்திக்கொள்வதால் அந்த இழப்பில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும்.

கேள்வி: லோட்டஸ் ஒரு காலத்தில் நம் புரோட்டோன் கையில்தான் இருந்தது. அப்படியிருந்தும் அதற்குள் டொயோட்டா எஞ்சின் ஏன்? நம்முடையதைப் போட்டிருக்கலாமே.
— வாசகர், பட்டர்வொர்த்

பதில்: ஆசை நியாயமானது. புரோட்டோன் லோட்டஸை வாங்கியது 1996-இல். அப்போது புரோட்டோனே மிட்சுபிஷி எஞ்சினில்தான் ஓடிக்கொண்டிருந்தது, இரவல் வாங்கியவரிடம் இரவல் கேட்டால் என்ன கிடைக்கும்? லோட்டஸ் உதவியோடு செய்த கேம்ப்ரோ எஞ்சின் 2004-இல் புரோட்டோனின் ஜென்-2 காரில் வந்தது. அதே 2004-இல் லோட்டஸ் எலீஸ், டொயோட்டா செலிக்காவில் இருந்த 1.8 லிட்டர் எஞ்சினை எடுத்துக்கொண்டது. 8,000 சுற்றுக்கு மேலும் அசராமல் கத்துகிற எஞ்சின் அது, குடும்பக் காருக்கென்று செய்த கேம்ப்ரோ அந்த வேலைக்குப் பொருந்தியிருக்காது.

நாம் கொடுத்ததைவிட வாங்கியதுதான் அதிகம். புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ ஓட்டியவர்களைக் கேளுங்கள், வளைவில் அந்தக் கார் நின்ற நிலைக்கு லோட்டஸ்தான் காரணம்.

2017-இல் சீனாவின் ஜீலி, புரோட்டோனில் 49.9 விழுக்காடும் லோட்டஸில் 51 விழுக்காடும் வாங்கியது. இன்றைய லோட்டஸ் எமிராவில் இரண்டு எஞ்சின் கிடைக்கும்: டொயோட்டாவின் 3.5 லிட்டர் வி6, இல்லையென்றால் ஏஎம்ஜியின் 2 லிட்டர் டர்போ. வி6-இல் இருப்பது டர்போ இல்லை, சூப்பர்சார்ஜர். அதைப் புகை சுழற்றாது, எஞ்சினே பெல்ட் வழியாகச் சுழற்றும், அதனால் காத்திருக்க வேண்டாம், ஆனால் எஞ்சின் பலத்தில் கொஞ்சத்தை அதுவே தின்றுவிடும். எனக்கு வாய்த்தால் (வாய்க்காது) வி6 தான் எடுப்பேன். 2020-இல் வந்த புரோட்டோன் எக்ஸ்50-இன் 1.5 லிட்டர் டர்போவோ, ஜீலியும் வோல்வோவும் சேர்ந்து செய்தது. அந்தக் காரை வைத்துக்கொண்டு ஆஸ்டன்காரரைப் பார்த்து நாம் சிரிக்க முடியாது.

கேள்வி: டர்போ காரை நிறுத்தியதும் உடனே எஞ்சினை அணைக்கலாமா?
— வாசகர், செராஸ்

பதில்: மெதுவாக ஓட்டி வந்து நிறுத்தினால் அணைக்கலாம். காராக் மேட்டில் விரட்டிவிட்டு நேராக ஓய்விடத்தில் நுழைந்தால் ஒரு நிமிடம் சும்மா ஓடவிடுங்கள், கழிவறை வரிசையைப் பார்த்தபடி உட்கார்ந்திருங்கள். டர்போவின் தண்டு எண்ணெயில்தான் மிதக்கிறது. சூடு தணியுமுன் அணைத்தால் ஓட்டம் நின்ற எண்ணெய் அங்கேயே கருகும். புதிய கார்கள் பலவற்றில் அணைத்த பிறகும் மின்பம்பு தண்ணீரை ஓடவிட்டு டர்போவைக் குளிர்விக்கும், ஆனாலும் பழக்கம் நல்லது.

சொந்தக் கதை ஒன்று. இளவயதில் பழைய ஜப்பான் டர்போ கார் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். விற்றவர் "எண்ணெய் எல்லாம் ஒழுங்கா மாத்தினது தம்பி" என்று சாமி மேல் சத்தியம் செய்தார். மூன்றே மாதத்தில் பின்னால் நீலப் புகை, கொசு மருந்து அடிக்கிற வண்டி மாதிரி. ஃபோர்மன் டர்போவைக் கழற்றி என் கையில் கொடுத்து "ஆட்டிப் பாருங்க" என்றார். தண்டு பால்பல் போல ஆடியது, உள்ளே எண்ணெய் கரியாக ஒட்டியிருந்தது. அன்றிலிருந்து நான் காரைப் பார்க்கப் போனால் வண்ணத்தைப் பார்ப்பதில்லை, சர்வீஸ் புத்தகத்தைத்தான் முதலில் கேட்கிறேன்.

கேள்வி: புது டொயோட்டா சூப்ரா உண்மையில் பிஎம்டபிள்யூவா? அப்படியென்றால் அசல் டொயோட்டா ஸ்போர்ட்ஸ் கார் எது?
— வாசகர், பாயான் லெப்பாஸ்

பதில்: 2019-இல் வந்த சூப்ராவின் 3 லிட்டர் ஆறு சிலிண்டர் டர்போ பிஎம்டபிள்யூவுடையதுதான், காரும் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரத்தில் பிஎம்டபிள்யூ இசட்4 கூடவே தயாரானது. அது வேண்டாம், ஜிஆர்86 எடுக்கிறேன் என்கிறீர்களா? அதன் 2.4 லிட்டர் எஞ்சின் சுபாரு. ஜிஆர் யாரிஸைப் பாருங்கள். 1.6 லிட்டர், மூன்றே சிலிண்டர், டர்போ, டொயோட்டா தானே செய்தது.