செவ்வாய்க்கிழமை வண்டலூர் வேண்டாம்: 3, 6 வயதுக் குழந்தைகளுடன் இரண்டு நாள் சென்னை

செவ்வாயன்று வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கு வார விடுமுறை. கிண்டி சிறுவர் பூங்காவுக்கும் அப்படியே. எனவே நீங்கள் எழுதிய "செவ்வாய் வண்டலூர், மெரினா, புதன் மாமல்லபுரம்" திட்டத்தை மாற்றுங்கள்: செவ்வாய் காலை எழும்பூர் அருங்காட்சியகம், மாலை மெரினா, புதன் முழுவதும் வண்டலூர். மாமல்லபுரத்தை இந்த முறை விட்டுவிடுங்கள்.

சென்ற முறை மதியத்துக்கு மேல் இருவரும் அழுது தீர்த்தார்கள் என்றீர்களே, காரணம் பெரும்பாலும் தூரம்தான். நீங்கள் தங்கும் எழும்பூரிலிருந்து வண்டலூர் சுமார் 30 கிலோமீட்டர், மாமல்லபுரம் 50-க்கும் மேல். சின்னவளின் பகல் தூக்கம் காரிலேயே அரைகுறையாய்க் கழிந்திருக்கும். அருங்காட்சியகம் உங்கள் விடுதிக்குப் பக்கம். திமிங்கல எலும்புக்கூட்டைப் பார்த்துவிட்டு அறைக்குத் திரும்பித் தூங்க வைக்கலாம். (சிலைகளை எல்லாம் காட்டியே தீருவேன் என்று நிற்காதீர்கள், நான் நின்று பட்டிருக்கிறேன்.)

ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். கூகுள் வரைபடத்தில் புறப்படும் நேரத்தைப் புதன் மாலை 5 மணி என்று வைத்து வண்டலூர்–எழும்பூர் பயண நேரத்தைப் பாருங்கள். ஒன்றரை மணி நேரத்தைத் தொட்டால் காரை மறந்துவிட்டு, தாம்பரம் வழியாக வரும் புறநகர் மின்சார ரயிலில் ஏறுங்கள். பிள்ளைகளுக்கும் அதுதான் பிடிக்கும்.

பண்டிகை, பள்ளி விடுமுறை நாட்களில் பூங்காவின் விடுமுறை நாள் மாறுவதுண்டு; முந்தின நாளே உறுதிசெய்துகொள்ளுங்கள். மெரினாவில் மணலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அங்கே அலை இழுக்கும், கணுக்கால் நீர் என்றாலும் கையை விடாதீர்கள்.